ஒரு கொத்து முடி

கல்யாணத்துக்கு முன்பு முடியில் பழுப்புக் கோடுகள் போட்டுக்கொள்ள, வருங்கால மாமியாரும் மருமகளும் சேர்ந்தே பார்லருக்கு வந்திருந்தார்கள்.

"முன்னாடி ஏதாவது டை அடிச்சிருந்தா மறைக்காம சொல்லிடுங்க" என்றாள் பார்லர் அக்கா. "சில மலிவான பவுடர்ல உலோக உப்பு இருக்கும். அதுமேல என் மருந்து பட்டா முடியே வெந்துடும்."

"எங்க பரம்பரைக்கே நரை விழாது. பொண்ணோட முடியப் பார்த்துத்தான் நானே சரின்னு சொன்னேன்" என்றார் மாமியார்.

"எனக்கும் இல்லக்கா" என்றாள் மருமகள். கல்லூரி நாள்களிலிருந்தே அவள் நரையை மறைத்து வந்தாள்.

பார்லர் அக்கா இருவர் தலையிலும் அடியில் ஒரு கொத்து முடியை நறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு திரும்பினாள். அதில் கிடந்த முடி பச்சை நிறமாகிப் புகைந்துகொண்டிருந்தது.

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. எனக்கு இளநரை. சொன்னா கல்யாணம் நின்னுடும்னு அம்மா பயந்தாங்க" என்று விம்மினாள்.

மாமியார் தலை நிமிரவே இல்லை.

"நீ ஏம்மா அழறே?" என்றாள் பார்லர் அக்கா. "உன் முடிய நான் இன்னும் மருந்துலயே போடலயே!"