அங்கத்துவப் படிவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் நின்று மூன்று வருடமாகியும், சனசமூக நிலையத்தில் மாலைச் செய்திக்கு றேடியோ ஒலித்தது. ஒரு பல்ப்பும் எரிந்தது. அந்தச் சாதனையைத் தலைவர் சபாநாதன் எல்லாக் கூட்டங்களிலும் தன் பெயரிலேயே எழுதிக்கொள்வார்.

அன்று செய்திக்கு ஐந்து நிமிடம் இருக்க உள்ளே வந்தவர், மூலையில் புத்தக அலுமாரிக்கு மேலாகப் பரிமளத்தின் தலையைக் கண்டார்.

"பிள்ளை, ஆறு மணிக்குப் பிறகு பொம்பிளையள் இஞ்சை இருக்கேலாது. விதி பதினாலு."

"அதுக்குத்தானே ஐயா, அங்கத்துவம் கேட்டு மூண்டு தரம் படிவம் தந்தனான். நானும் நியூஸ் கேக்கவேணும்."

"விதியிலை ஆம்பிளையள் எண்டுதான் கிடக்கு."

"முருகேசு அண்ணைக்கு முழங்கால் நோவாம். அவருக்குப் பதிலா வந்தனான்."

"அவன்ரை முழங்காலுக்கும் விதிக்கும் என்ன சம்பந்தம்? வெளியிலை போ பிள்ளை."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"தலைவர் ஒருக்கால்தான் சொல்லுவார்."

பரிமளம் இறங்கினாள். பல்ப் மங்கி அணைந்தது. றேடியோ ஊமையானது. அலுமாரிக்குப் பின்னால் ஸ்ராண்டில் நின்ற சைக்கிளின் சில்லு, டைனமோவில் உரசியபடி சுற்றி ஓய்ந்தது.

"தலைவர், நியூஸ் தொடங்கப்போகுது," என்றார் இருட்டில் செயலாளர்.

"ஏறு பிள்ளை, ஏறு."

"படிவத்திலை கையெழுத்து வையுங்கோ, ஏறுறன்."

"இருட்டிலை எப்பிடி வைக்கிறது?"

"நீங்கள் ஏறுங்கோ. செயலாளர் வைப்பார்."

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பல்ப் மெல்ல மினுங்கியது.

பரிமளம் கையோடு கொண்டுவந்த படிவத்தைச் செயலாளருக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் உழக்குங்கோ ஐயா. என்ரை பேர் வடிவாத் தெரியேல்லை."