வலப்பக்கம் திரும்பிய வளையம்

இன்னாசி கல்யாணங்களில் படம் எடுப்பவர். அவருடைய பழைய கேமராவுக்கு ஒரு வாரமாக நிம்மதி இல்லை. வேறு கம்பெனிக் கேமரா ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது. பழகிப் பார்த்துவிட்டு மாறலாமா என்று முடிவு செய்ய, இன்னாசி அதை இரவல் வாங்கியிருந்தார். சாப்பிடும்போதுகூட மடியில் வைத்து அதன் லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"என் வளையத்தை இடப்பக்கம் திருப்பினாத்தான் முகம் கிட்ட வரும். உனக்கு வலப்பக்கம். இத்தனை வருஷம் என்கிட்ட பழகின கை, உனக்குப் படியாது," என்றது பழசு.

"பார்க்கலாம் அண்ணே," என்றது புதுசு.

முகூர்த்தத்தன்று இரண்டும் இன்னாசியின் தோளுக்கொன்றாகத் தொங்கின. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். இன்னாசியின் கை சற்றுத் தடுமாறி, பழசைத்தான் எடுத்தது.

"பார்த்தியா," என்றது பழசு.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை பறந்தது. மணப்பெண்ணின் முகத்தைக் கிட்டே கொண்டுவர இன்னாசி வளையத்தைத் திருப்பினார், வலப்பக்கம்.

முகம் எட்டிப் போனது. "இடப்பக்கம், இடப்பக்கம்," என்று பழசு கதறியது. அவர் சுதாரிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

மேளம் ஓய்ந்தது.

"உங்களைத்தானே அண்ணே எடுத்தார்?" என்றது புதுசு மெதுவாக.

"எடுத்தது என்னைத்தான்," என்றது பழசு. "திருப்பினது உன்னை."