பாதி விலைப் புலி

புலிக்கு விலை மூவாயிரம். கண்ணில் படாவிட்டால் பாதி.

அப்படித்தான் பேசி முடித்திருந்தார். மசினகுடி ஜீப் ஸ்டாண்டில் நின்ற மற்ற டிரைவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். சிக்கண்ணன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு சரியென்றான். சாயங்காலம் ஆகியும் அவனுக்கு அன்றைக்கு இன்னும் ஒரு சவாரிகூடக் கிடைத்திருக்கவில்லை.

அவருக்கு ஈரோட்டில் மொத்த ஜவுளி வியாபாரம். மருந்துக் கடையிலும் குறைத்துக் கேட்டுப் பார்க்கிற ஆள். கேட்டால் வாயா வலிக்கப்போகிறது என்பார்.

புலி மகளுக்காக. தன்ஷிகாவுக்கு ஒன்பது வயது. பரீட்சை முடிந்ததும் என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, யோசிக்காமல் சொன்ன பதில் அது.

காட்டுக்குள் மான் வந்தது. மயில் வந்தது. மறுபடி மான். மயிலுக்குத் தனிக் காசு கேட்பாயோ என்று அவர் சீண்ட, மயில் கொசுறுங்க என்றான் சிக்கண்ணன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏற்றத்தில் என்ஜின் சூடேறி ஆவி கிளம்பியது. வண்டியை நிறுத்தினான். யாரும் இறங்கக் கூடாது என்று இவர்களிடம் சொல்லிவிட்டு அவன் இறங்கினான். பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். அவன் தலை அதற்குப் பின்னால் மறைந்தது.

காடு சும்மா இருந்தது.

ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும்.

அவர் ஏனோ திரும்பிப் பார்த்தார்.

வந்த பாதையில், வண்டிக்குப் பின்னால், புலி நின்றது.

வயிறெல்லாம் ஈரம். எங்கோ தண்ணீரில் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. சொட்டு விழுந்து புழுதியில் குழியாவது தெரிந்தது. அவ்வளவு பக்கம்.

வாழ்நாளெல்லாம் நிறம் பார்த்துத் துணி எடுத்தவர். அந்த நிறத்துக்கு அவரிடம் பெயர் இல்லை.

அது அவரைப் பார்த்தது. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தக் கடை வேண்டாம் என்று போகிறவர்களைப் போல.

வாயைத் திறந்தார்.

மூவாயிரம்.

மூடிக்கொண்டார்.

நல்ல சரக்கைக் கண்டால் முகத்தில் காட்டக் கூடாது. சூரத்தில் துணி கொள்முதலுக்குப் போய் அவருக்குச் சோறு போட்ட பழக்கம். கூப்பிடாமலே வந்து முகத்தில் உட்கார்ந்துகொண்டது.

புலி சாவகாசமாகப் பாதையைக் கடந்தது. உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன் வெறுந்தரையில் நிற்கிறான்.

அவனுக்கு ஒரு குரல் கொடுக்கத் தோன்றியிருக்கவில்லை. தோன்றியது விலை.

தொடை வலித்தது. குனிந்து பார்த்தார். மகளின் விரல்கள் அழுந்தியிருந்தன. அவளும் பின்பக்கம்தான் திரும்பியிருந்தாள். புதரைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

பேசாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. லீவு நாளெல்லாம் கடையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. அப்பாவின் முகம் இப்படி ஆனால் பேரம் நடக்கிறது என்று தெரிந்தவள்.

சிக்கண்ணன் பானெட்டைச் சாத்திவிட்டு வந்தான். பயந்துவிட்டீர்களா, முகம் வெளுத்திருக்கிறதே என்று விசாரித்தான்.

திரும்பும் வழியில் நேரே ஸ்டாண்டுக்கு விடவில்லை. பேசிய நேரம் தாண்டிவிட்டது. டீசலும் அவன் காசு. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சுற்று, மேட்டுப் பக்கம் ஒரு சுற்று. நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தான். போதும் விடப்பா என்று இவர் சொல்லிப் பார்த்தார். பாப்பா ஆசையாக வந்திருக்கிறதே என்று மேலும் ஓட்டினான்.

வழியோரப் பலகை ஒன்று அமைதி காக்கச் சொல்லியது. அதைத்தானே செய்தோம் என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஸ்டாண்டில் சிக்கண்ணன் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மகள் முன்னால் குனிந்தான். ஒரு வாலாவது கண்ணில் பட்டதா பாப்பா என்று கேட்டான்.

அவள் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு. சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது.

“பாக்கலீங்ணா.”

துளி தடங்கல் இல்லை. கண்கூட அசையவில்லை. அந்த முகம் வர அவருக்குப் பத்து வருஷம் பிடித்தது.

ஆயிரத்தைந்நூறை எடுத்துக் கொடுத்தார். கை அதோடு நிற்கவில்லை. இன்னும் மூன்று ஐந்நூறுகளை எடுத்து மேலே வைத்தது. டீசலுக்கு, என்று முனகினார்.

சிக்கண்ணன் மேலே இருந்ததை மட்டும் பிரித்து, மடித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தான்.

“பேசுனது பேசுனதுதானுங்க. நாந்தான் புலி காட்டலையே.”

காட்டினாய் என்றால் வாங்கிக்கொள்வான். ஒரு வார்த்தை. மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கார் சாவியைத் தேடினார். அது கையில்தான் இருந்தது.

சிக்கண்ணன் மகளின் தலையில் கை வைத்தான். மனசு விட்டுவிடாதே, அடுத்த லீவுக்கு வா, உன்னிடம் காசு கேட்க மாட்டேன் என்றான். ஏமாற்றி அனுப்புகிறோமே என்று அவன் குரல் இறங்கியிருந்தது.

“கணக்குல வெச்சுக்க பாப்பா. அண்ணன் உனக்கு ஒரு புலி பாக்கி.”