மண்டி போட்ட ஒட்டகம்

ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது பெரும்பிழை, அங்கே இருப்பது கொழுப்பு. ஆகவே பாலைவனக் கிணற்றுக்கு வந்த தாய் ஒட்டகத்துக்கு நிஜமாகவே தாகம். அதன் குட்டியோ நிற்க முடியாமல் தள்ளாடியது.

வேலி வாசலில் காவல் நாய் மறித்தது. "மண்டி போடு. சுல்தான் காலத்து வழக்கம்."

ஒட்டகம் மண்டி போட்டது.

"முன்னங்காலில் சூட்டுக்குறி இருக்குமே, காட்டு. வெள்ளைக்காரன் சட்டம்."

"மண்டி போட்டால் கால் மடங்கிவிடுமே, தம்பி." ஒட்டகம் எழுந்து காட்டியது.

"எழுந்துவிட்டாயே, மரியாதை எங்கே?"

ஒட்டகம் மறுபடி மண்டி போட்டது. குறி மறைந்தது. நாய் உதட்டைப் பிதுக்கியது.

"சுல்தானும் போய்விட்டார், வெள்ளைக்காரனும் போய்விட்டான். இப்போது நம்ம ஆட்சிதானே?" என்றது ஒட்டகம்.

"அதனால்தான் அக்கா, இரண்டு பேர் வேலையையும் நான் ஒருத்தனே பார்க்க வேண்டியிருக்கிறது" என்று நாய் பெருமூச்சு விட்டது. "சரி, முதலிலிருந்து வா."

குட்டி மணலில் படுத்துவிட்டது. பொழுது சாயும்வரை தாய் எழுந்தது, மண்டி போட்டது, எழுந்தது. கடைசியில் நாயே அலுத்துப்போய் வழிவிட்டது.

குட்டி எழவேயில்லை. ஒட்டகம் தனியாகப் போய்த் தண்ணீர் குடித்தது.