மணிக்கயிறு

“கயிற்றைத் தொட்டா கையை முறிப்பேன்” என்றார் பீர் முகைதீன்.

அவர் வீட்டு ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து தெரு வரை தொங்கியது அந்தக் கயிறு. மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் பை. மீன்காரர் இழுப்பார், மணி அடிக்கும், பையில் மீன் மேலே ஏறும். ரங்கூனில் மாடிக்கு மாடி இதுதான் வழக்கம்.

வட்டார அலுவலக எழுத்தர் கபீர், கத்தரிக்கோலோடு பால்கனிக்கே வந்துவிட்டான்.

“காக்கா, லான்மடா வட்டாரத்திலே நம்ம தெருவைத்தான் நவீனத் தெருவாக்கப் போறாங்க. வாசல்லே பட்டன், வீட்டுக்குள்ளே மின்சார மணி. அமுக்கினா குருவி மாதிரி கூவும். கயிறெல்லாம் கூடாது.”

“கரண்ட் போனா?”

“நாளைக்கு அதிகாரி வர்றார். போகாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“யாரு, கரண்ட்டா சொல்லுச்சு?”

“காக்கா, நாளைக்கு மணி கூவலேன்னா என் வேலை போயிரும்.”

“போகட்டும். தெருவுக்கு நல்லது.”

சொல்லிவிட்டு இருமினார். இருமி முடிப்பதற்குள் கபீர் வெட்டிவிட்டான். பிறகு அவர் திட்டிய திட்டு தெருக்கோடி வரை கேட்டது. ஒரு நல்ல காரியத்துக்கும் ஒத்துவராத மனுஷன் என்று தெரு பேசிக்கொண்டது.

மறுநாள் அதிகாரி வந்தார். வாசலில் பட்டன் பலகையைத் தடவிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர்த் தேநீர்க்கடையில் மின்விசிறி நின்றது. கபீர் மட்டும் அதைக் கவனித்தான். லுங்கி வரை வியர்த்தது.

“ஐந்தாம் மாடியை அமுக்குகிறேன்” என்று உரக்கச் சொல்லி, அதிகாரி அமுக்கினார்.

கபீர் கண்ணை மூடிக்கொண்டான்.

மேலேயிருந்து குருவி கூவியது. கீச் கீச் கீச்.

மறுபடி அமுக்கினார். மறுபடி கூவியது. அடுத்த தடவை நடுவில் லேசாக இருமியது.

“என்னய்யா, இருமுது?”

“புது மாடல், ஐயா.”

அதிகாரிக்கு ஏக சந்தோஷம். “அடுத்து தாகேதா வட்டாரம் முழுக்க இதையே மாட்டிவிடுவோம். இனிமேல் நகர நிர்வாகமே பட்டனில்தான்.”

வண்டி கிளம்பியதும் கபீர் படிகளில் தாவி ஏறினான்.

“காக்கா, பாஸாயிட்டோம். தாகேதா முழுக்க நம்ம மணிதானாம்.”

பீர் முகைதீன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். மனைவி கரீமா அவர் முதுகைத் தடவிக்கொண்டே வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“தாகேதா முழுக்கவா?” என்றார், கட்டிப்போன தொண்டையோடு. “அங்கேயெல்லாம் என்னாலே வந்து கூவ முடியாதுடா.”