கேட்டு வாங்கிய கார்

"கார வெளிப்பக்கம் மட்டும் பாருங்க தம்பி. கதவத் தொட வேணாம்."

முனீஸ்வரி ஷெட்டின் வாசலிலேயே நின்றுகொண்டாள். சசிதரன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். தேனியில் பழைய வண்டிகளுக்கு மதிப்புப் போடுவது அவன் தொழில். விற்கிறவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு ஓடுமா?

காரைப் பார்த்ததும் அதை ஒரு முறை முழுசாகச் சுற்றி வந்தான். மேல்கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். ஒரு காலத்தில் வண்டிப்பெரியாறு எஸ்டேட் துரை ஓட்டியது. முனீஸ்வரியின் கணவர் ராஜமணி அதை வாங்கி வந்து, கம்பத்துக்கும் லோயர் கேம்ப்புக்குமாகப் பறந்துகொண்டிருந்தார். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. இப்படி ஒரு காருக்காகச் சசிதரன் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஏங்கிக்கிடந்தான். எப்படியாவது இதைத் தட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

துணி சுற்றிய காந்தத்தை மட்கார்டில் வைத்து மெல்ல இழுத்தான். ஓட்டையை மறைக்கப் பட்டி வைத்துப் பூசிய இடமென்றால் காந்தம் நழுவிவிடும். எங்கேயும் நழுவவில்லை. எல்லாம் அசல் தகடு. துரு இல்லை, ஒடுக்கு இல்லை. பக்கத்தில் கிடந்த திராட்சைப் பெட்டிகளின் மேல் விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்தது. காரின் மேல் மட்டும் பொட்டுத் தூசி இல்லை.

"தெனமும் தொடைக்கிறீகளாக்கா?"

"நான் இதத் தொட்டே ஒரு வருசமாச்சு."

அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. வெளியே ஆனிக் காற்று தென்னைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் மட்டும் கொஞ்சம்கூடக் காற்றில்லை.

டிரைவர் சீட் பக்கம் கார் லேசாக அமுங்கியிருந்தது. ஸ்பிரிங் போயிருக்குமோ என்று கதவில் கை வைத்துக் குனிந்தான். யாரோ பிடரியில் மூச்சு விட்டது போலிருந்தது. வெடுக்கென்று கையை எடுத்தான்.

"அதான் தொட வேணாம்னேன்" என்றாள் அவள்.

பயம்தான். ஆனால் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன தம்பி, தேறுமா?"

"உள்ளதச் சொல்றேன்க்கா. அடித்தகடு பூராம் அரிச்சுப்போச்சு. பெயிண்டுக்குள்ள அம்புட்டும் பட்டிதான். பழைய இரும்புக்குத்தான் போடணும்."

கூசாமல் அளந்தான். முனீஸ்வரி வருத்தப்படவே இல்லை.

"மதுரையில இருந்து வந்தவுக, இதுக்கு அம்புட்டு வெல போகும்னாக. கையில காசோட நின்னாக. நான்தான் அனுப்பிட்டேன்."

சசிதரன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அவுகளுக்கு வெவரம் பத்தாதுக்கா."

"அப்ப இத நான் என்னதான் செய்ய?"

"இங்கன கெடந்து மக்குறதுக்கு நானே எடுத்துக்கிறேன். ஏதோ பாத்துப் போட்டுக் குடுக்கேன்."

"காசு வாங்குனா ஆகாது. சும்மாவே எடுத்துக்கங்க. ஆனா ஒங்க வாயால நல்லாக் கேளுங்க."

பைத்தியமோ என்று தோன்றியது. பைத்தியமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்கு அடிக்கும்?

"இதுல இருக்கிறது எதையும் எடுக்காம, இந்தக் கார எனக்குக் குடுங்கக்கா. போதுமா?"

"முழு மனசோடதான கேக்குறீக?"

"முழு மனசோடதான்."

முனீஸ்வரியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு வருடத்து அழுத்தம் இறங்கியவள் போல நீளமாக மூச்சு விட்டாள். சசிதரனுக்கும் தலைகால் புரியவில்லை.

"சாவியக் குடுங்க, இப்பவே ஓட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

"சாவி எதுக்கு? நீங்க அந்தப் பக்கம் ஏறிக்கங்க. எப்பவும் அவுகதான் ஓட்டுவாக."

சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆளில்லாத டிரைவர் சீட்டின் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நானா அனுப்புனா போகமாட்டேன்னீகளே. இப்ப இவுகளா வாய்விட்டுக் கேட்டுட்டாக. இனி இவுக வீட்டுலயே இருந்துக்கங்க."

இன்ஜின் உறுமியது. சசிதரனுக்காக இடது பக்கக் கதவு தானாகத் திறந்தது.