தூங்குமூஞ்சியின் பாதம்

துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்ததைப் பார்த்து, பஸ்ஸில் ஓர் அம்மாள் எழுந்து பேங்க் காஷியருக்கு இடம் கொடுத்தாள். “பச்சப்புள்ளையத் தூக்கிட்டு நிக்கிறீங்களே, உக்காருங்கப்பா. உடம்புக்கு ஏதாவதா?”

“தெரியலம்மா. அதைக் கேக்கத்தான் போயிட்டிருக்கேன்,” என்றார் காஷியர்.

துண்டுக்குள் இருந்தது ஒரு சாண் உயரப் பொம்மை. தொப்பையும் தொங்கிய காதுமாக, அக்குளில் தலையணையை இடுக்கிக்கொண்டு, பாதிக் கண் மூடி நிற்கும் வெள்ளைத் தூங்குமூஞ்சி. பிள்ளைகள் விளையாடுகிற சாமான் அல்ல. ஒரு பெண் கலைஞர் ஒவ்வொன்றாகக் கையால் வார்த்து விற்கிற பொம்மை. நிறத்துக்குச் சிலதான் வரும், வந்த அன்றே பறந்துவிடும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்த தூங்குமூஞ்சிகள் காஷியர் வீட்டில் ஒரு கண்ணாடி பீரோ நிறைய இருந்தன. வெயில் பட்டால் நிறம் போய்விடும் என்று படுக்கையறை ஜன்னலையே நிரந்தரமாகச் சாத்திவிட்டார். கையுறை மாட்டிக்கொண்டு, மனைவியின் முகப்பூச்சு பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டுவார். அந்த மனைவி தன் துணிமணிகளை வைத்திருந்தது கட்டிலுக்கு அடியில், அட்டைப் பெட்டியில்.

அத்தனை பொம்மைகளையும் இந்த ஒற்றை வெள்ளைக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டார் மனுஷன். பொம்மை சேர்ப்பவர்கள் கூட்டத்தில் ‘சீல்’ என்று ஒருவர் உண்டு. எந்தப் பெட்டியின் சீலையும் உடைக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். பழைய சாமான் கடையில் கிடைத்தது, கலைஞர் முதன்முதலாகச் செய்ததே இதுதான் என்று சீல் அடித்துச் சொல்ல, காஷியர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். வேலையில் கள்ள நோட்டை விரல் பட்டதுமே கண்டுபிடிக்கிறவர்!

அடுத்த கூட்டத்தில் ஒருவர் பூதக்கண்ணாடியோடு பொம்மையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வார்ப்பு இறுகுவதற்கு முன் ஒவ்வொரு தூங்குமூஞ்சியின் பாதத்திலும் கட்டைவிரலை அழுத்துவது அந்தக் கலைஞரின் வழக்கம். ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்புக் கோடு ஓடும். அசலுக்கு அதுதான் அடையாளம். இதில் ரேகை இருந்தது, கோடு இல்லை.

“காஷியர் சார், பேங்கிலயும் இப்படித்தான் நோட்டு வாங்குறீங்களா?” என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. சீல் மட்டும் சிரிக்காமல், கைமாறினது கைமாறினதுதான் என்று கையை விரித்துவிட்டார்.

வீட்டில் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. “என்னங்க, பீரோ சும்மாத்தானே கிடக்கு, என் துணியை அடுக்கிக்கவா?” என்று கேட்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம். காஷியர் அன்று சாப்பிடாமல் படுத்தார், தூங்கவுமில்லை.

கலைஞர் வீடும் பட்டறையும் ஒன்றுதான். கதவைத் திறந்தவர் முழங்கை வரை பிசினும் மாவும் அப்பிய ஓர் ஆள். “உக்காருங்க, மேல இருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, மூலையில் குந்தி மறுபடி அச்சைத் தட்ட ஆரம்பித்தார். கலைஞர் நகப்பூச்சு கலையாத விரல்களோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். காஷியர் இருந்த நிலையில் எதுவும் கண்ணில் படவில்லை. துண்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

கலைஞரின் முகம் வெளுத்துப்போயிற்று. “இது உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

“போலிதானே மேடம்?”

அவர் பொம்மையைக் கவிழ்த்துப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், உங்க கால்ல வேணா விழறேன். அசல்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொய்யாவது சொல்லுங்க! எங்கிட்ட இருந்த எல்லாத்தையும் இதுக்குத்தான் குடுத்துட்டேன். கூட்டத்துல தலைகாட்ட முடியல, வீட்டுல அந்த பீரோவை ஏறெடுத்துப் பார்க்க முடியல. இதுவும் போலின்னா எனக்குன்னு எதுவுமே இல்ல மேடம்.” வளர்ந்த மனுஷன் விக்கி விக்கி அழுதார்.

“அழாதீங்க சார். என்னங்க, இவருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்.”

மூலையில் இருந்தவர் அச்சைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போகும்வரை கலைஞர் வாயைத் திறக்கவில்லை. பிறகு தன் கட்டைவிரலைப் பொம்மையின் பாதத்துக் குழியில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

“அசல்தான் சார். வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சு. தேடாத இடம் இல்ல.”

காஷியருக்குப் போன உயிர் திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிடப் போனவர், அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். வழவழவென்று இருந்தது, தழும்பு என்று ஒரு கீறல் இல்லை.

“அப்போ... நான் தூக்கிக் குடுத்தேனே மேடம்? பீரோ நிறைய... எல்லாத்துலயும் கோடு இருந்துச்சே. அதெல்லாம்?”

கணவர் தண்ணி எடுக்கப் போன உள்கதவைக் கலைஞர் திரும்பிப் பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்க சார். நான் செஞ்சது இது ஒண்ணுதான்.”